பரலோக ராணியின் டவாலி

பரலோக ராணிக்கு மேலுலகத்தில் எத்தனை தேவதூதர்கள் கைகட்டி நிற்கிறார்களோ எனக்குத் தெரியாது. பூலோகத்தில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு டவாலி. அவரும் ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியறையை எனக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே குடியிருந்தார். இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்ல நான் தயார். யாரும் என்னை மேடையில் ஏற்றாததால்தான் எழுதுகிறேன்.

டவாலி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. பெரிய அதிகாரி நடந்து வரும்போது, வெள்ளை உடுப்பின் மேல் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே சிவப்புப் பட்டையும், பட்டையின் நடுவில் பித்தளை வில்லையுமாக ஒருவர் முன்னால் போவாரே, அவர்தான். பட்டைக்கும் டவாலி என்று பெயர், ஆளுக்கும் டவாலி என்று பெயர். நம்மவர் துறைமுகத்தில் ஒரு பெரிய அதிகாரியின் டவாலி. கதவைத் திறப்பதிலும், வருகிறவனை மேலும் கீழும் பார்ப்பதிலும், "ஐயா மீட்டிங்ல கீறாரு" என்று முகம் மாறாமல் பொய் சொல்வதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஞானஸ்நானத்தின்போது அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மனைவி ரோசம்மாகூட, "இந்தா டவாலி, சோறு ஆறுது" என்றுதான் கூப்பிடுவாள்.

ஆபீஸ் விட்டு வந்ததும் சிவப்புப் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பக்கத்து ஆணியில் நீலப் பட்டை ஒன்று தொங்கும். அது பரலோக ராணியான மாதாவின் டவாலி. சொந்தமாகத் தைத்துக்கொண்டது. அதிலும், இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்த இடத்தில், ஒரு பித்தளை வில்லை. பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறவரைப் பிடித்து அதில் ஒரு கிரீடம் வெட்டச் சொல்லியிருந்தார். வெட்டியவர் பிறந்ததிலிருந்து கிரீடத்தைப் பார்த்தவரல்லர் போலும். அது அசல் அன்னாசிப்பழமாக வந்திருந்தது. அந்த அன்னாசியை நாள் தவறாமல் புளி போட்டுத் தேய்ப்பார்.

எனக்கு அப்போது, உலகத்தைத் திருத்திவிட்டுத்தான் கல்யாணம் செய்துகொள்வது என்று தீர்மானித்திருந்த வயது. மூர் மார்க்கெட்டில் பழைய தத்துவப் புத்தகங்களாக வாங்கிப் படித்துக் குவித்திருந்தேன். கடவுள் இல்லை என்பதைப் பல விதமாக நிரூபிப்பேன். சட்டையில் பொத்தான் அறுந்தால் ரோசம்மாவிடம் கொண்டுபோய் நிற்பேன். அந்தத் தைரியத்தில் ஒருநாள் டவாலியிடம், "கடவுளிடம் நேராகக் கேட்க வேண்டியதை எதற்கு ஐயா அம்மா வழியாகக் கேட்கிறீர்கள்?" என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், உனுக்கு ஆபீஸ் வேல தெரியாது. தொர ரூமுக்குள்ள நேரா பூந்து, 'எனுக்கு லீவு குடு'ன்னு கேட்டா இன்னா ஆவும்? மெமோ குடுப்பாரு. அதே தொரையோட அம்மா ஊர்லேர்ந்து வந்து கீறாங்கோன்னு வெச்சிக்கோ. அவங்களாண்ட போயி, 'அம்மா, கொயந்தைக்கு ஜொரம்'னு ஒரு வார்த்த சொல்லு. அன்னிக்கி சாய்ங்காலமே லீவு சாங்சன். வேதத்துல வருதே, அந்தக் கல்யாண வூட்ல இன்னா நடந்துச்சி? ஒயினு தீந்து பூட்ச்சி. மாப்ள முளிக்கிறான். அம்மா போயி புள்ளயாண்ட சொன்னாங்கோ. புள்ள, எனுக்கு இன்னும் டைம் ஆவலன்னாரு. அம்மா அத்த காதுல வாங்கினாங்களா? வேலக்காரனப் பாத்து, அவரு இன்னா சொல்றாரோ அத்த செய்யின்ட்டு அவங்க பாட்டுக்குப் போய்ட்டாங்கோ. அப்பால அவரு இன்னா பண்ணுவாரு பாவம்? தண்ணிய ஒயினா மாத்திக் குடுத்தாரு."

"அம்மா போதும் என்றால் ராணி எதற்கு?" என்றேன், வக்கீல் மாதிரி.

"அம்மான்னா நாம வாசக்கதவாண்ட நின்னு கத்தலாம். ராணின்னா மத்தவன் வழி வுடுவான். ரெண்டும் வோணும் சார்."

கோயிலில் மாதா பிரார்த்தனை படிக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். அந்தப் பிரார்த்தனையில் மாதாவின் பட்டங்கள் வரிசையாக வரும். தாயே என்று வருகிற இடங்களில் டவாலி வீட்டுப் பிள்ளை மாதிரி தோளைத் தொங்கவிட்டு, தலையைச் சாய்த்து நிற்பார். ராணியே என்று ஆரம்பித்ததும் குதிகால்களைச் சேர்த்து விறைத்துவிடுவார். வெளியூரிலிருந்து வந்த ஒரு சாமியார் பக்கத்தில் இருந்தவரிடம், "அவருக்கு ஏதாவது இழுப்பு வருமா?" என்று கவலையோடு விசாரித்தாராம்.

ஆனால் டவாலியின் ராஜ்யபாரம் முழுமையாகத் தெரிவது மே மாதத்தில்தான். அது மாதாவின் வணக்கமாதம். ஒன்றரை அடி உயர மாதா சுரூபம் ஒன்று கோயிலிலிருந்து கிளம்பி வீடு வீடாகப் போகும். ஒரு சாயங்காலம் ஒரு வீட்டுக்கு வந்தால் இரவு அங்கேயே தங்கி, மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குப் போகும். தங்கிய வீட்டார்தான் சுமந்துகொண்டு போய் அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். முன்னால் நீலப் பட்டையோடு டவாலி. பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு தெரு. சுரூபத்துக்கு மேலே ஒரு சின்னப் பட்டுக்குடை.

அந்தக் குடையைப் பிடித்தவன் நான்.

சிரிக்காதீர்கள். குடை பிடிப்பவர் ஐந்தடி எட்டங்குலமாவது இருக்க வேண்டும் என்பது டவாலியின் சட்டம். அந்தச் சந்தில் அந்த உயரத்துக்கு ஒரு விளக்குக் கம்பமும் நானும்தான் இருந்தோம். "உனுக்கு சாமி இல்லன்னா பரவால்ல சார். கொட நேரா இருந்தா போதும்" என்று என் தத்துவத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மாதா வரப்போகும் வீட்டை டவாலி முதல்நாளே பார்வையிடுவார். ஆட்டைப் புழக்கடையில் கட்ட வேண்டும். டிரான்சிஸ்டர் வாய் திறக்கக் கூடாது. ராணிக்குப் போட்ட பலகையைவிட உயரமான நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது; நாற்காலியே இல்லாத வீடுகளிலும் இதை எச்சரித்துவிட்டுத்தான் போவார். ஒருமுறை கருவாடு விற்கும் சவரியம்மா வீட்டில் நுழைந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கூடையை வாசல்பக்கம் தள்ளினார்.

"இன்னா சவரி, கலீஜா கீது? கருவாட்டுக் கூடையெல்லாம் தூக்கி வெளிய கடாசு. நாளிக்கி ராணி வர்றாங்கோ."

சவரியம்மா இடுப்பில் கைவைத்தாள். "யோவ் டவாலி, அவங்க புள்ளையோட தோஸ்துங்க யாரு?"

"இன்னா?"

"வல போடறவங்கதானய்யா அத்தினி பேரும்? அவங்க வூட்டுக்கு வந்து வந்து துன்னுட்டுப் போனப்போ, அந்தம்மாவுக்கு வராத மூக்கெரிச்சல் உனுக்கு இன்னாத்துக்கு வருது?"

டவாலி கூடையைத் தாமே தூக்கி இருந்த இடத்தில் வைத்தார். அன்று கோயிலில் மாதாவின் முன்னால் நின்று, "தெரியாம சொல்ட்டேம்மா, மனசுல வெச்சிக்காத" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

சட்டம் போடுவதில் டவாலிக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். மாதா சபைத் தலைவர் போர்மேன். துறைமுகத்தில் கிரேன் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி வளர்ந்த குரல் அவருக்கு. அவர் 'அருள்நிறை' என்று ஜெபத்தை ஆரம்பித்தால் கடலில் படகுகள் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். எந்தெந்த வீட்டுக்கு மாதா போக வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவர்தான், ஜெபமாலை சொல்பவரும் அவர்தான். வேறு யாரும் வாய் எடுக்க முடியாது.

ஒரு மே மாதம் மாதா ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அமெரிக்கக் கோதுமை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து சந்தின் வழியை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை. பின்னால் திரும்பலாம் என்று யாரோ சொன்னதற்கு டவாலி துள்ளிக் குதித்தார். "ராணி ரிவர்ஸ்ல போவ மாட்டாங்கோ!" எல்லோரும் திகைத்து நிற்கையில் போர்மேன்தான் தீர்ப்புச் சொன்னார்: "ராணி நடுத்தெருவுல நிக்கறதா? பக்கத்துல எந்த வாசல் இருக்கோ அங்க உள்ள கொண்டாங்கய்யா!" பக்கத்தில் இருந்த வாசல் பாயின் டீக்கடை. பாய் பதறி எழுந்து, பன் வைத்திருந்த மேசையைத் துடைத்து, புது வெள்ளைத் துணி விரித்தார். "மர்யம் அம்மா எங்களுக்கும் அம்மாதானே" என்று பன்னீர் தெளித்தார். பாய்லர் புஸ்ஸென்று மூச்சுவிட, போர்மேன் முழு ஜெபமாலையும் அங்கேயே சொன்னார். லாரி நகர்ந்த பிறகுதான் ராணி புறப்பட்டாள். அன்றிலிருந்து அது எங்கள் சந்தின் சட்டமாகிவிட்டது: ராணி தெருவில் நிற்கக் கூடாது, நின்றுவிட்டால் பக்கத்து வாசல்.

இனிமேல்தான் விஷயம்.

போர்மேனுக்கு ஒரே மகள், பிலோமினா. அவளைப் பெற்ற அன்றே அவள் தாய் இறந்துபோனாள். அப்பாவின் கத்தலிலேயே வளர்ந்து, தையல் கற்றுக்கொண்டு, பெரம்பூர்ப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த முருகேசன் என்கிற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். போர்மேன் அன்றைக்கு வாயை மூடினார். ஊருக்கே கேட்கும் அந்தக் குரல் மகளுக்கு மட்டும் கேட்காமல் போயிற்று. அவள் எங்கள் சந்திலேயே, அப்பா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு போர்ஷனுக்குக் குடிவந்து தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மே மாதம் மாதா அவள் வாசலைத் தாண்டித்தான் போவாள். உள்ளே போக மாட்டாள். அது போர்மேன் போட்ட வழி.

அந்த வருஷம் அவள் பிள்ளைத்தாய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டவாலியைத் தேடி வந்துவிட்டாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"டவாலி மாமா, நம்ம வூட்டுக்கு ஒரு தபா மாதாவ இட்டுகினு வாயேன்."

டவாலி அன்னாசியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ரூட்டுல இல்லியேம்மா."

"தெரியும் மாமா. எங்கம்மா என்னப் பெத்துட்டு அப்டியே கண்ண மூடிச்சாம். நெனச்சா எனுக்கு பயமா கீது. ராவெல்லாம் தங்க வோணாம். உள்ள வந்து ஒரு நிமிசம் உக்காந்துட்டுப் போனாப் போதும்."

"ரூட்டு போடறது உங்கப்பன். நான் முன்னால போற ஆளு. ராணிய இட்டுகினு போவத்தான் எனுக்கு ஆர்டரு. இஸ்துகினு போவ இல்ல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். ரோசம்மா அன்று டவாலிக்குச் சோற்றுத்தட்டை வைத்த சத்தம் எனக்கு மாடிவரை கேட்டது. நானும் மனசுக்குள் புரட்சி செய்தேன்: அடுத்த ஊர்வலத்தில் குடையைக் கோணலாகப் பிடிப்பது என்று. டவாலி மட்டும் பொழுது சாயும்வரை அந்த வில்லையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்னாசியில் முள்ளே மிச்சமிருக்காது என்று நினைத்தேன்.

மாதத்தின் கடைசி நாள். வழக்கம்போல முடிவு போர்மேன் வீட்டில். அங்கே மாதாவுக்குக் கிரீடம் சூட்டி, தெருவுக்கே சுண்டல் கொடுப்பார்கள். முந்தின நாள் மாதா தங்கியது சவரியம்மா வீட்டில். ஆகவே சுமந்து வந்தவள் சவரியம்மா. பிலோமினா தன் வாசலில் ஒரு மெழுகுவர்த்தியோடு நின்றாள். பின்னால் முருகேசன், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி. போர்மேன் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபம் சொல்லி வந்தார். மகள் வாசல் வந்ததும் குரல் இன்னும் உயர்ந்தது.

சரியாக அந்த வாசலுக்கு நேராக, டிங் என்று ஒரு சத்தம். டவாலியின் நீலப் பட்டை தோளிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. வில்லை உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது.

டவாலி கையை உயர்த்தினார். ஊர்வலம் நின்றது.

"இன்னாய்யா?" என்றார் போர்மேன்.

"டவாலி அந்து பூட்ச்சி."

"கையில எடுத்துக்கினு நட."

"பட்ட இல்லாம நான் டவாலி இல்ல. டவாலி இல்லாம ராணி நடக்க மாட்டாங்கோ. உனுக்குத் தெரியாத சட்டமா?"

"அப்ப என்னா செய்யச் சொல்ற?"

"ஊசி நூலு வோணும். தெச்சாப் போயிடலாம்."

அந்தச் சந்தில் ஊசியும் நூலும் எந்த வீட்டில் இருந்தன என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். போர்மேன் மட்டும் இன்னும் வானத்தையே பார்த்தார்.

சவரியம்மா பெருமூச்சு விட்டாள். "போர்மேனு, எனுக்குக் கை நோவுது. மாதாவ ரோட்டுல வெக்கட்டா?"

"ஏய்! வெச்ச, தெரியும்!"

"அப்ப நீயே சொல்லு. ராணி நடுத்தெருவுல நிக்கலாமா?"

பாயின் டீக்கடையில் இடியாக முழங்கிய தீர்ப்பு அது. சந்தில் அத்தனை பேருக்கும் மனப்பாடம். போர்மேன் சரியென்றார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தலை ஓரங்குலம் அசைந்தது. அந்த ஓரங்குலம் போதுமானதாக இருந்தது. சவரியம்மா நோவுகிற கையோடு பாய்ந்த வேகத்தில் என் குடை நிலைப்படியில் இடித்தது.

உள்ளே தையல் மெஷின்மேல் ஏற்கெனவே ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. மாதா அதில் அமர்ந்தாள். பிலோமினா பட்டையையும் வில்லையையும் வாங்கி, வில்லை தைத்திருந்த இடத்தைப் பார்த்தாள், டவாலியைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தாள். ஒரு சாண் தையல். அவள் கைக்கு அது கண்மூடித் திறக்கிற வேலை. அவளோ கல்யாணப் புடவைக்குச் சரிகை வைக்கிற மாதிரி தைத்தாள். ஒவ்வொரு குத்துக்கும் ஒருமுறை மாதாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

வெளியே போர்மேன் தனியாக நின்றார். டவாலி வாசலுக்கு வந்து, கதவோரம் நின்று, ஆபீஸ் குரலில் சொன்னார்:

"ராணி உள்ள கீறாங்கோ. ஜெபம் சொல்றவரு வெளிய கீறாரு. இது எந்த ஆபீஸ்ல நடக்கும்? வா நைனா, உள்ள வா."

கதவைத் திறந்துவிடுவதுதானே அவர் தொழில். அன்று திறந்தமாதிரி வாழ்நாளில் திறந்திருக்க மாட்டார். போர்மேன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறினார்.

பிரார்த்தனை ஆரம்பமானது. ராணியே என்ற இடங்களையெல்லாம் அவர் கம்பீரமாகச் சொன்னார். தாயே என்று வந்த ஓரிடத்தில் அந்தப் பெரிய குரல், தண்ணீரில்லாத குழாய் மாதிரி ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நின்றுபோயிற்று. தைத்துக்கொண்டிருந்த பிலோமினா தலை நிமிராமல் அந்த வரியை எடுத்துச் சொன்னாள். தெருவில் நின்றவர்கள், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். நானும் சொன்னேனாம். ரோசம்மா அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் மறுத்துப் பார்த்தேன், எடுபடவில்லை.

பட்டையை மாட்டிக்கொண்டு டவாலி முன்னால் இறங்க, ராணி புறப்பட்டாள். கடைசியாக வெளியே வந்த போர்மேன், படியில் நின்று, முருகேசனையும் பார்க்காமல் மகளையும் பார்க்காமல், மெழுகுவர்த்தியைப் பார்த்துச் சொன்னார்:

"சுண்டல் வெந்து கெடக்குது. தாளிக்க ஆள் இல்ல."

பிலோமினா செருப்புக்கூடப் போட்டுக்கொள்ளாமல் ஓடினாள். "பாத்துப் போ, பாத்துப் போ" என்று முருகேசன் பின்னால் ஓட, "மெள்ளப் போம்மா, கொயந்த!" என்று போர்மேன் கத்த, அந்தச் சத்தம் கடலில் படகுகளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் நீலப் பட்டை ஆணியில் தொங்கியபோது நான் அதை எடுத்துப் பார்த்தேன். புதுத் தையலுக்குப் பக்கத்தில் பழைய நூலின் நுனிகள் கொஞ்சம் தெரிந்தன.

"நைந்த நூல் மாதிரி இல்லையே, டவாலி. பிளேடு போட்ட மாதிரி அல்லவா இருக்கிறது?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ராணிக்குத்தான் சார் ரூட்டு. அம்மாவுக்கு இன்னா ரூட்டு?"

"அப்படியானால் நீங்கள்தான்..."

"ஐயா மீட்டிங்ல கீறாரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிலோமினாவுக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. மரிய என்று தொடங்கித்தான் பெயர் வைக்க வேண்டும் என்று போர்மேனும், ராஜேஸ்வரி என்றுதான் வைக்க வேண்டும் என்று முருகேசனின் தாயாரும் சண்டை போட்டு, டவாலியிடம் பஞ்சாயத்து வந்தது. அவர் யோசிக்கவே இல்லை. "ராணின்னு வெச்சிடு. ரெண்டு பேருக்கும் ஆவும்."

நான் உலகத்தைத் திருத்தாமலே கல்யாணம் செய்துகொண்டு ராயபுரத்தை விட்டுப் போனேன். சில வருஷங்கள் கழித்து டவாலி இறந்த செய்தி வந்தது, போனேன். பூசையில் சாமியார் அவருடைய ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ள, சவரியம்மா என் பக்கம் சாய்ந்து, "யாருக்கு சார் பூச வெக்கிறாரு? நம்ம டவாலிக்கு எப்போ?" என்று கேட்டாள். பெட்டியில் நீலப் பட்டையோடு படுத்திருந்தார். அன்னாசி பளபளத்தது. யார் புளி போட்டுத் தேய்த்தார்களோ. கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் போர்மேன் முன்னால் நடந்தார். வயதாகியும் குரல் போகவில்லை. "ஓரம் போங்க! டவாலி வர்றாரு, வழி வுடுங்க!" லாரிகள் ஒதுங்கின. பாய் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றார். எனக்குக் கையில் எதுவும் இல்லை. வலதுகை மட்டும் தானாகவே, ஒரு குடைக்காம்பு உயரத்துக்கு, கொஞ்சதூரம் தூக்கியபடியே வந்தது.

மேலே ஒன்றும் இல்லை என்று நான் பல விதமாக நிரூபிக்கக் கூடியவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இருந்தாலும் ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. டவாலி போய்ச் சேர்ந்தபோது, பரலோக ராணி ஆசனத்தை விட்டு எழுந்து வாசல்வரைக்கும் வந்திருப்பாள். அவரும் பதறிப்போய், பட்டையைச் சரிசெய்துகொண்டு, "இன்னாம்மா நீ, வாசலுக்கெல்லாம் வந்துகினு? நீ போயி உள்ள ஒக்காரு" என்று ஒரு சத்தம் போட்டிருப்பார்.